கருவியைப் பிடுங்கி எறியும் 15 மாதக் குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு குழந்தையின் கோப்பு அல்ல. காது கேட்கும் கருவி மாட்டிய சின்னக் குழந்தைகளிடம் அடிக்கடி சேர்ந்தே வரும் சிக்கல்களை ஒரு குழந்தையின் பேரில் தொகுத்து எழுதியது. கீழே வரும் எண்கள் அந்தத் தொகுப்புக்கு உரியவை. எந்த அளவில் எது மாறும் என்று காட்டுவதற்காகத் தரப்பட்டவை.

வந்தபோது இருந்த நிலை

15 மாதப் பெண் குழந்தை. பிறந்ததும் செய்த செவித்திறன் சோதனையில் இரு காதும் தேறவில்லை. ஒலிக்கு மூளை காட்டும் மின் அலைகளை அளக்கும் பெரா பரிசோதனையில் இரு பக்கமும் உட்செவி சார்ந்த கேட்புக் குறைபாடு உறுதியானது. 6 மாதத்துக்குள் கருவி மாட்டியிருக்க வேண்டும் என்பதே உலகளவில் வைக்கப்படும் இலக்கு. இங்கே 11ஆம் மாதத்தில்தான் மாட்டினார்கள். கேட்கத் தொடங்கும் ஒலி அளவு வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 50 டெசிபல், 4000 ஹெர்ட்ஸில் 70. இடது காதில் 55, 75. காதுக்குப் பின்னால் தொங்கும் வகைக் கருவி, இரு காதுக்கும், காதின் அச்சில் செய்து காதுக்குள் செருகும் மென்மையான சிலிக்கான் மோல்டுடன்.

நான்கு மாதம் கழித்து வீட்டார் சொன்ன குறை ஒரே வரி: "மாட்டினா அஞ்சு நிமிஷம்கூட வச்சுக்க மாட்டேங்குறா, பிடுங்கிப் போட்டுடுறா."

கூடவே இன்னொரு சந்தேகமும் வந்தது, தயங்கித் தயங்கி. கதவைச் சாத்தினால் கருவி இல்லாமலே திரும்பிப் பார்க்கிறாளே, அப்படியென்றால் கருவி அவ்வளவு அவசியமா? இந்த அளவுக் குறைபாட்டில் இந்தச் சந்தேகம் வராத வீடு குறைவு. கதவுச் சத்தம் கேட்கும். முகத்தருகே உரக்கப் பேசினால் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் மங்கலாக எட்டும். 'ஸ்', 'ஷ்' மாதிரியான உரசொலிகள் எட்டவே எட்டாது. கேட்கிறது போலத் தெரிவதும் பேச்சைக் கற்கும் அளவுக்குக் கேட்பதும் வேறு வேறு. இதைக் கேட்புத்திறன் வரைபடத்தில் பேச்சொலிகளின் இடத்தைக் காட்டி முதல் நாளே விளக்க வேண்டியிருந்தது. பயன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர், அழும் குழந்தையின் காதில் பத்தாவது தடவையாகக் கருவியை மாட்ட மாட்டார்.

எத்தனை மணி நேரம்

"தினம் நாலு மணி நேரமாவது இருக்கும்" என்றார்கள். கருவியின் உள் பதிவு 1.6 மணி என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. மாட்டுவதும் கழற்றுவதுமாகப் போராடிய நேரத்தையும் சேர்த்துத்தான் வீட்டில் கணக்கு வைத்திருந்தார்கள்.

பதிவையும் அப்படியே நம்பக் கூடாது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைக்காவிட்டால் கருவி டப்பாவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், அந்த நேரமும் அணிந்த நேரமாக ஏறிவிடும். எனவே முதல் கேள்வி, ராத்திரி எப்படி வைக்கிறீர்கள் என்பது. இங்கே கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அடுத்த சாட்சி பேட்டரி. நாள் முழுக்க அணிந்தால் 13ஆம் எண் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்தில் தீரும். இங்கே ஒரு மாதமாக மாற்றவே இல்லை. பதிவு சொன்னது சரி.

15 மாதக் குழந்தை ஒரு நாளில் சுமார் 11 மணி நேரம் விழித்திருக்கும். குளிக்கும் நேரம் போக மற்ற விழிப்பு நேரம் முழுக்கக் கருவி காதில் இருப்பதுதான் இலக்கு.

ஐந்து நாள் குறிப்பு

"பழகப் பழகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவது எளிது. இந்தத் துறையில் சொல்லப்படும் அறிவுரைகளிலேயே அதிகம் கெடுப்பது இதுதான், ஏனென்றால் வலிக்கிற ஒன்றுக்குக் குழந்தை பழகாது, அதை வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும். பிடுங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கருவியில், காதில், அமைப்பில், கடைசியாகத்தான் குழந்தையின் நடத்தையில் தேட வேண்டும். இந்த வரிசை மாறினால் நல்ல வீட்டாரும் குழந்தையும் வீணாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

வீட்டாரிடம் ஒரு சிறு நோட்டு கொடுக்கப்பட்டது. கழற்றும் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம்: எந்தக் காது, மாட்டி எவ்வளவு நேரம், குழந்தை எங்கே எப்படி இருந்தாள், அதற்குச் சற்று முன் என்ன சத்தம், கழற்றியதும் பெரியவர் என்ன செய்தார். ஐந்து நாளில் 34 பதிவு. அவை நான்கு குவியலாகப் பிரிந்தன.

13 முறை இடது காது, தோளில் சாய்ந்தபோது அல்லது படுத்தபோது. 8 முறை வலது காது, மாட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, கை நேராகக் காதின் மேல் மடிப்புக்குப் போனது. 5 முறை இரண்டும், பாத்திரம் விழுந்த அல்லது கதவு அறைந்த உடனே. மீதி 8 முறை தள்ளுவண்டியிலும் கார் இருக்கையிலும். அதற்கு முன் எந்தச் சத்தமும் இல்லை, கையில் விளையாட்டுச் சாமானும் இல்லை. கழற்றியது நேராக வாய்க்குப் போனது.

ஒரே 'பிடுங்குதல்' என்று வீட்டில் சொன்னதற்குள் நான்கு வேறு சிக்கல்கள் இருந்தன. நான்குக்கும் நான்கு வேறு தீர்வு. நோட்டு இல்லாமல் இது தெரிந்திருக்காது.

மோல்டு

இடது மோல்டு குழந்தைக்கு 11 மாதமாக இருந்தபோது எடுத்த அச்சில் செய்தது. இந்த வயதில் காதுக் குழாய் வேகமாக வளர்கிறது. முதல் வயதில் சில வாரத்துக்கு ஒருமுறைகூட மோல்டு மாற்ற நேரிடும். இரண்டாம் வயதில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகலாம். நாலு மாதப் பழைய மோல்டு காதில் தளர்ந்திருந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அந்த இடுக்கு வழியாகக் கசிந்து, மைக்கில் மறுபடி நுழைந்து, விசிலாகிறது. தோளில் சாய்ந்தால் காது மடலும் கருவியும் துணியில் பட்டு அந்தக் கசிவு இன்னும் கூடும். தூக்கி அணைத்தால் காதுக்குள் விசில் என்பதே அந்தக் குழந்தையின் அனுபவமாக இருந்தது.

கூடவே ஒரு சின்னக் குறை. மோல்டையும் கருவியையும் இணைக்கும் ட்யூப் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் கருவி மோல்டை மேலே இழுத்தது. ட்யூப் சரியான நீளத்தில் இருந்தால் கருவி காது மடலின் மேல் இயல்பாக உட்கார வேண்டும், மோல்டை இழுக்கவும் கூடாது, மடலிலிருந்து எட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

வலது மோல்டின் அளவு இன்னும் சரியாக இருந்தது. ஆனால் அதன் மேல் கொம்பு, அதாவது காதின் மேல் மடிப்புக்குள் செருக வேண்டிய முனை, வெளியே நின்றபடி மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் அரிசி மணி அளவுக்குச் சிவந்த தடம். 10 நிமிடத்தில் வலிக்கத் தொடங்கும், 15 நிமிடத்தில் கை போகும். நோட்டில் இருந்த நேரமும் அதுதான். மோல்டில் குறை எதுவும் இல்லை. மாட்டும் முறை தவறு.

இரு காதுக்கும் புது அச்சு எடுக்கப்பட்டது. ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் கருவியால் காதுக்குள் பார்த்து, குழாயின் இரண்டாம் வளைவுக்கு அப்பால் நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பு வைத்து, சிலிக்கான் கலவையைப் பீய்ச்சி, இறுகும் வரை குழந்தையை மடியில் சாய்த்து வைத்தார்கள். அச்சு இறுகும்போது குழந்தை எதையாவது சப்பிக்கொண்டிருந்தால் நல்லது. தாடை அசையும்போது குழாயின் வடிவம் மாறும். அசையாமல் எடுத்த அச்சில் செய்த மோல்டு, குழந்தை வாயசைக்கும்போது கசியும். புது மோல்டு வர ஒரு வாரம். அதுவரை இடது பக்கம் புது ட்யூப் போட்ட பழைய மோல்டு, தூக்கி அணைக்காத நேரங்களில் மட்டும்.

மாட்டும் முறை

வீட்டார் குழந்தையை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேராகக் கருவியைக் கொண்டுபோய் மாட்டினார்கள். வருகிற கையைப் பார்த்ததும் குழந்தை தலையைத் திருப்பியது. அவசரத்தில் மோல்டு அரைகுறையாக நுழைந்தது.

மாற்றிக் காட்டியது இப்படி. குழந்தை மடியில், முதுகு பெரியவர் நெஞ்சில் படும்படி. இரு கைக்கும் ஒவ்வொரு சாமான், ஒன்று போதாது, சும்மா இருக்கும் கை காதுக்குப் போகும். மோல்டின் மேல் ஒரு சொட்டு நீர் சார்ந்த ஜெல்லைத் துளையில் படாமல் தடவ வேண்டும். எண்ணெயும் வாசலினும் வேண்டாம். துளையை அடைக்கும், மோல்டும் வழுக்கி வெளியே வரும். ஒரு கையால் காது மடலை மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மோல்டின் குழாய் முனையைச் சற்று முன்பக்கம் திருப்பிய நிலையில் காதுத் துளைக்குள் விட்டு, உள்ளே போகப் போக மோல்டைப் பின்பக்கமாகத் திருகினால் மேல் கொம்பு தானாக மடிப்புக்குள் போய்ப் படியும். பிறகு கட்டைவிரலால் நடுவில் ஒரு அழுத்து. சரியாக உட்கார்ந்தால் மோல்டின் மேற்பரப்பு காதின் குழியோடு சமமாக இருக்கும், எங்கும் விளிம்பு நிமிர்ந்து நிற்காது. கருவியை மடலுக்கு மேல் தூக்கிப் போடுவது கடைசியில்தான்.

சிவப்புக் குறி வலது, நீலக் குறி இடது. இதைச் சொல்லித்தர வெட்கப்பட வேண்டாம். மாறி மாட்டிய மோல்டும் காதில் பாதி நுழையும், பாதி வலிக்கும்.

பேட்டரிக் கதவை மூடியதும் ஒலி உடனே வராமல் 15 வினாடி தாமதித்து வரும்படி கருவியில் அமைத்தார்கள். மாட்டும்போது கைக்குள் விசில் அடிப்பது இதனால் நின்றது. அம்மாவும் அப்பாவும் பாட்டியும் பகலில் பார்த்துக்கொள்பவரும், ஆளுக்கு ஐந்து முறை பொம்மைக் காதிலும் பிறகு குழந்தையின் காதிலும் மாட்டிக் காட்டினார்கள். பகலில் பார்த்துக்கொள்பவர் அதுவரை மாட்டியதே இல்லை. "உடைஞ்சிருமோன்னு பயம், அதான் டப்பாலேயே வச்சிருவேன்" என்றார். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குமேல் அவரிடம்தான் இருந்தது. 1.6 மணிக்கு அதுவும் ஒரு காரணம், நோட்டில் வராத காரணம், ஏனென்றால் மாட்டாத கருவியைக் கழற்ற முடியாது.

ஒலி அமைப்பு

இந்த நிகழ்வில் மற்றெல்லாவற்றையும்விட இந்தப் பகுதியில்தான் பாடம் அதிகம்.

சின்னக் குழந்தையின் காதுக் குழாய் மிகச் சிறியது. ஒரே ஒலியைச் சின்ன இடத்துக்குள் விட்டால் அழுத்தம் கூடும். ஒரே கருவி, ஒரே அமைப்பு, பெரியவர் காதில் தரும் ஒலியைவிடக் குழந்தையின் காதில் உச்சத்தாய், அதாவது உயர்ந்த சுருதி, அலைவரிசைகளில் 10 டெசிபலுக்கும் மேலாகக்கூடத் தரலாம். குழந்தையின் காதுக்குள் வரும் ஒலி, பரிசோதனைப் பெட்டியின் செயற்கைக் குழியில் வரும் ஒலியிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்பதை ஆர்இசிடி என்ற அளவீடு காட்டுகிறது: மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் வைத்து, சில வினாடியில் எடுத்துவிடலாம். குழந்தை அசைந்தால் முடியாது என்று வயதுக்கான சராசரி எண்ணை வைத்து ஓட்டிவிடுவது உண்டு. இங்கே முன்பு அப்படித்தான் நடந்திருந்தது.

புது மோல்டுடன் உண்மையான அளவீடு எடுத்து, பரிசோதனைப் பெட்டியில் கருவியை ஓட்டிப் பார்த்ததில் இரண்டு தவறுகள் தெரிந்தன. ஒன்று: வலது கருவியின் உச்ச ஒலி வரம்பு, கருவி எவ்வளவு ஒலி தர வேண்டும் என்று கணக்கிடும் டிஎஸ்எல் முறை சொல்லும் இலக்கைவிட 1000, 2000 ஹெர்ட்ஸ் பகுதியில் 6 டெசிபல் அதிகம். பாத்திரம் விழும்போது அந்தக் காதில் விழுந்தது இந்த அளவு. குழந்தை இரண்டு கருவியையும் பிடுங்கியதற்கு இது போதும்.

மற்றது நேர் எதிர். இடது கருவி, சாதாரணப் பேச்சுக்கு 4000 ஹெர்ட்ஸில் இலக்கைவிட 14 டெசிபல் குறைவாகத் தந்தது. காரணத்தைப் பழைய பதிவில் தேடியபோது கிடைத்தது: விசில் வருகிறது என்று வீட்டார் சொன்னபோது, மோல்டை மாற்றாமல் உச்சத்தாய்ப் பெருக்கத்தைக் குறைத்து விசிலை அடக்கியிருந்தார்கள். விசில் குறைந்தது. கூடவே 'ஸ்', 'ஷ்' எல்லாம் போயின. தளர்ந்த மோல்டின் கோளாறுக்கு ஒலியில் வைத்தியம் பார்த்ததன் விலை இது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குழந்தையின் பார்வை புரியும். கருவி மாட்டினால் வலது காதில் அறைகிற சத்தம், இடது காதில் விசில், ஆனால் பேச்சு அதிகம் தெளியவில்லை. காதில் வைத்துக்கொள்ள ஒரு காரணமும் கருவி தரவில்லை.

உச்ச வரம்பு இறக்கப்பட்டது. புது மோல்டு கசியாததால் இடதின் உச்சத்தாய்ப் பெருக்கத்தை இலக்கு வரை ஏற்ற முடிந்தது. மெல்லிய பேச்சு, சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு என மூன்று அளவிலும் சரிபார்க்கப்பட்டது. பிறகு சோதனை அறையிலேயே, குழந்தை விளையாடும்போது அறிவிக்காமல் கை தட்டி, டப்பா ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். கண் சிமிட்டல், முகச்சுளிப்பு, காதுக்குக் கை எதுவும் இல்லை. பெட்டியில் வந்த எண் சரியாக இருந்தாலும் இந்தக் கடைசிச் சோதனையை விடக் கூடாது.

நடுச்செவி

செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியில் வலது பக்கம் தட்டையான கோடு. சமீபத்தில் சளி பிடித்திருந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. வலியோ சீழோ இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் காத்திருந்து பார்க்கலாம் என்றார். ஆறு வாரம் கழித்து எடுத்தபோது கோடு இயல்பான உச்சத்துக்குத் திரும்பியிருந்தது. காது ஒழுகியிருந்தால் அந்தப் பக்கத்துக் கருவியைக் கழற்றி வைத்து, மறுகாதில் மட்டும் தொடரச் சொல்லியிருப்பார்கள். சளி பிடித்த வாரத்தில் திடீரென்று குழந்தை கருவியை வெறுத்தால் முதலில் காதைக் காட்ட வேண்டும்.

கழறாமல் இருக்க

இரு கருவியையும் இணைத்த நூல், கிளிப்பால் சட்டையின் பின்பக்கக் கழுத்தில் மாட்டப்பட்டது. முன்பக்கம் மாட்டினால் அதுவே பிடித்து இழுக்கும் கயிறாகிவிடும். இது கழறுவதைத் தடுக்காது, காணாமல் போவதைத்தான் தடுக்கும். அதுவே பெரிய நிம்மதி.

மெல்லிய துணித் தொப்பி மூன்று வாரம் பயன்பட்டது. தொப்பி பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கை எட்டாததால் பிடுங்கும் பழக்கம் உடைய நேரம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் மோல்டு வலிக்கும் காதின் மேல் தொப்பி கட்டினால் வலியை உள்ளே பூட்டுவதாகிவிடும். மோல்டும் ஒலியும் சரியான பிறகே தொப்பி. துணியும் காற்றுப் புகும் அளவு மெல்லியதாக இருக்க வேண்டும்; தடித்த துணி மைக்கில் உரசிச் சரசரப்பாகும், உச்சத்தாய் ஒலியையும் விழுங்கும்.

வாயில் போடும் குழந்தைக்குப் பேட்டரிக் கதவுப் பூட்டு கட்டாயம். இங்கே பூட்டு இருந்தது, ஆனால் பேட்டரி மாற்றச் சிரமம் என்று திறந்த நிலையிலேயே விட்டிருந்தார்கள். பேட்டரியை விழுங்கினாலோ மூக்கிலோ காதிலோ சொருகிக்கொண்டாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பழைய பேட்டரியிலும் மின்சாரம் மிச்சமிருக்கும், அதுவும் திசுவை அரிக்கும். மாற்றும்போது குழந்தை அறையில் இல்லாமல் இருப்பது நல்லது, எண்ணி எடுத்து எண்ணி வைப்பது அதைவிட நல்லது. புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடமாவது காற்றுப் பட விட்டுத்தான் போட வேண்டும். இந்த வகைப் பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனால் இயங்குவது.

அணியும் நேரத்தைக் கூட்டியது

புது மோல்டு வந்த நாளை முதல் நாளாக வைத்துத் தொடங்கினார்கள். முதல் மூன்று நாள் நான்கு வேளை, 20 நிமிடம்: தூங்கி எழுந்து முகம் தெளிந்ததும், படம் பார்க்கும்போது, தரையில் விளையாடும்போது, சாயங்காலம் வெளியே உலாத்தும்போது. எல்லாம் அவளுக்குப் பிடித்த நேரம், டிவியும் மின்விசிறியும் அணைத்த நேரம். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் மாட்ட முயல வேண்டாம் என்று சொல்லப்பட்டது. 20 நிமிடம் முடிந்ததும் பெரியவரே கழற்ற வேண்டும், அவள் கழற்றுவதற்கு முன்னால்.

நான்காம் நாளிலிருந்து ஐந்து வேளை, 45 நிமிடம். இரண்டாம் வாரம் காலையில் எழுந்ததிலிருந்து பகல் தூக்கம் வரை. மூன்றாம் வாரம் பகல் தூக்கத்துக்குப் பின்னும். தள்ளுவண்டியும் காரும் கடைசி, நான்காம் வாரம். அங்கே கை சும்மா இருக்கும், பெரியவர் கண்ணும் வேறெங்கோ இருக்கும். வண்டியின் கைப்பிடியில் மெல்லக் கூடிய, திருகக் கூடிய சாமான் இரண்டு கட்டியது பாதிச் சிக்கலைத் தீர்த்தது.

கழற்றியதும் பெரியவர் என்ன செய்கிறார் என்பது நோட்டின் கடைசிக் கட்டம். 34இல் 20 முறைக்கு மேல் யாராவது ஓடி வந்திருந்தார்கள். "ஓடாம எப்படி? இல்லாட்டி வாயில போட்டுக்குவா" என்றார் அப்பா. நியாயம்தான். ஆனால் கழற்றினால் வீடே கூடுகிறது என்றால் 15 மாதக் குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. நூல் கிளிப்பும் கதவுப் பூட்டும் வந்த பிறகு ஓட வேண்டிய அவசியம் போயிற்று. சொல்லித்தந்தது: பதறாமல், திட்டாமல், சிரிக்காமல் திரும்ப மாட்டு. இரண்டாம் முறையும் கழற்றினால் இன்னொரு முறை. மூன்றாம் முறை என்றால் மோல்டைப் பார், சிவப்பு இருக்கிறதா பார். ஒன்றும் இல்லையென்றால் பத்து நிமிடம் டப்பாவில் வைத்துவிட்டு வேறு விளையாட்டோடு மறுபடி மாட்டு. "போதும் இன்னிக்கு" என்று அன்றைய கணக்கை முடிக்கக் கூடாது. பிடுங்கினால் அன்று முழுக்க விடுதலை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதை மறக்கவைக்க இரண்டு வாரம் ஆகும். அழுதால் பாட்டி கழற்றிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பாட்டியிடம் பேச வேண்டியிருந்தது, தனியாக, மரியாதையாக.

தினசரிச் சோதனையும் நான்காம் வாரச் சறுக்கலும்

காலையில் மாட்டுவதற்கு முன் ஸ்டெதஸ்கோப் போன்ற கேட்புக் குழாயைக் கருவியில் பொருத்திப் பெரியவர் கேட்க வேண்டும். மாட்டியபின் பின்னாலிருந்து, வாயை மறைத்து, ஒரு மீட்டர் தொலைவில் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். லிங் ஒலிகள் எனப்படும் இவை தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை பேச்சின் பரப்பைத் தொட்டுக் காட்டும். இந்த வயதில் பதில் என்றால் திரும்பிச் சொல்வது இல்லை. விளையாடும் கை நிற்கும், கண் மேலே போகும், தலை திரும்பும். இரண்டாம் வாரத்தில் 'ஸ்' சொன்னபோது கட்டையை அடுக்கிக்கொண்டிருந்த கை நடுவானில் நின்றதை அம்மா வீடியோ எடுத்திருந்தார். கருவி அவசியமா என்ற கேள்வி அதற்குப் பின் வீட்டில் எழவில்லை.

உள் பதிவு: தொடக்கத்தில் 1.6 மணி, இரண்டாம் வாரம் 3.9, மூன்றாம் வாரம் 5.5. நான்காம் வாரம் 2.8ஆகச் சரிந்தது. இடது கருவியைத்தான் மறுபடி பிடுங்கினாள். மோல்டு சரி, சிவப்பில்லை, விசிலில்லை. விசிலே இல்லை என்பதுதான் துப்பு: கையில் பொத்தினால்கூட விசில் வராத கருவி வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். கேட்புக் குழாயில் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் வாயில் போட்டதில் எச்சில் மோல்டின் துளை வழியே ட்யூபில் ஏறி, வளைவில் ஒரு துளி நின்று ஒலியை அடைத்திருந்தது. மூன்று நாளாகக் காலைச் சோதனை விட்டுப்போயிருந்தது, எல்லாம் நன்றாகப் போகிறதே என்ற தைரியத்தில்.

மோல்டைக் கருவியிலிருந்து பிரித்து, ரப்பர் ஊதியால் துளியை வெளியேற்றி, வெதுவெதுப்பான நீரிலும் மென்சோப்பிலும் கழுவி, இரவு முழுக்க உலரவிட்டு மாட்டினார்கள். கருவியை ஒருபோதும் நீரில் காட்டக் கூடாது; அது உலர்த்தும் வில்லையுள்ள டப்பாவில், பேட்டரிக் கதவு திறந்தபடி இருக்க வேண்டும். ஒலி வராத கருவி காதை அடைத்த ஒரு துண்டு சிலிக்கான் மட்டுமே. அதைக் கழற்றிய குழந்தையின் தீர்ப்பில் தவறில்லை.

பத்தாம் வாரம்

ஐந்தாம் வாரம் 7.2 மணி, பத்தாம் வாரம் 9.4. தொப்பி நான்காம் வாரத்துக்குள் தேவைப்படாமல் போயிற்று. ஏழாம் வாரத்திலிருந்து கருவி நழுவினால் அதைப் பெரியவர் கையில் கொண்டுவந்து கொடுத்துக் காதைக் காட்டுகிறாள். சோதனை அறையில் கருவியுடன் எடுத்த அளவில் 4000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்குத் தலை திரும்பியது.

முழுதாகத் தீராதது கார் இருக்கை. இருக்கையின் தலைப்பக்க மெத்தை இடது கருவியை உரசி மோல்டை அசைக்கிறது. வலது காதின் டிம்பனோமெட்ரியை அடுத்த சளிக்குப் பின் மறுபடி எடுக்க வேண்டும். மோல்டின் அளவைப் பார்க்க 18ஆம் மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறது, அணைத்தால் விசில் கேட்டால் அதற்கு முன்பே.